குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனிப் பேரேடு
(ஆலந்தூர் நகராட்சி வணிகர்களுக்குச் சொல்லும் பாடம்)



காலையில் கடையைத் திறந்து, வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுக் கல்லாவில் உட்காருகிறோம். அந்த நேரத்தில் கடைவாசலில் சாக்கடை பொங்கி வழிந்தால் அன்றைய வியாபாரம் என்னவாகும்? வாடிக்கையாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சாரிக் கடைக்குப் போய்விடுவார். அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுக்கியிருக்கும் கிடங்கில் ஈரம் ஏறினால் நட்டம் நம்முடையது. அன்று முழுவதும் நகராட்சியைத் திட்டித் தீர்ப்போம். அடைப்பு எடுத்தவுடன் மறந்துவிடுவோம்.

திட்டுவதற்குப் பதிலாகக் கணக்குக் கேட்டிருக்கிறோமா? குடிநீர் வழங்குவதும் கழிவுநீரை அகற்றுவதும் நகராட்சி நடத்தும் ஒரு தொழில். அதற்கும் கொள்முதல் உண்டு, விற்பனை உண்டு, கடன் உண்டு, நிலுவை உண்டு, சேதாரம் உண்டு. நாம் நன்கறிந்த இந்தக் கண்ணோடு பார்த்தால், ஒரு சிறு நகரம் தன் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளை எப்படி மேற்பார்வை செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பது விளங்கிவிடும். இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. அதுதான் ஆலந்தூர்.

ஆலந்தூரில் நடந்தது என்ன?

சென்னை விமான நிலையத்துக்கும் பரங்கிமலைக்கும் அருகில் உள்ளது ஆலந்தூர். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அது தனி நகராட்சி. மக்கள்தொகை சுமார் 1 இலட்சத்து 46 ஆயிரம். 1990களின் நடுவில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீடுகளும் கடைகளும் செப்டிக் டேங்கை நம்பியிருந்தன. டேங்க் நிரம்பினால் லாரி வரவேண்டும். வராவிட்டால் மழைநீர்க் கால்வாயில் கழிவுநீர் கலக்கும். கொசுவும் நாற்றமும் நோயும் கூடவே வரும்.

1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி அவர்கள் தலைமையில் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. திட்ட மதிப்பு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். அவ்வளவு பணம் நகராட்சியின் கையில் இல்லை. மாநில அளவிலான நகர்ப்புற நிதி நிறுவனங்களிடம் கடனும் மானியமும் கிடைக்கும். ஆனால் மீதிக்கு வழி வேண்டும். கடனைத் திருப்பிக் கட்டவும் வழி வேண்டும்.

மக்களிடமே கேட்பதென்று முடிவாயிற்று. வீட்டு இணைப்புக்கு வைப்புத்தொகை 5,000 ரூபாய். கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் 10,000 ரூபாய். குழாய் பதிப்பதற்கு முன்பே கட்டவேண்டும். அன்றைய மதிப்பில் 5,000 ரூபாய் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. "முதலில் தோண்டட்டும், பிறகு கொடுக்கிறோம்" என்று சொல்வதுதான் இயல்பு. ஆனாலும் குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். வீடு வீடாகச் சென்று கருத்துக் கேட்டார்கள். பொதுமக்கள் பங்காக ஏறத்தாழ 8 கோடி ரூபாய் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. பெருங்குடியில் நாளொன்றுக்கு 1 கோடியே 20 இலட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்தது.

இந்தியாவில் நகராட்சி அளவில் பாதாளச் சாக்கடைப் பணிக்கு மக்கள் பணமும் தனியார் முதலீடும் சேர்ந்த முன்னோடித் திட்டம் என்று இது பேசப்படுகிறது. வணிகராகிய நமக்கு இதில் மூன்று பாடங்கள் உள்ளன.

முதல் பாடம்: தனிப்பெட்டி

மக்கள் ஏன் நம்பிப் பணம் கட்டினார்கள்? கட்டிய பணம் நகராட்சியின் பொதுச் செலவில் கரைந்துவிடாமல் தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட்டது. அதற்கு வந்த வட்டியும் திட்டத்துக்கே சேர்ந்தது.

நம் கடையிலும் இதே வழக்கம்தான். சீட்டுப் பணத்தைக் கல்லாவோடு கலக்கக்கூடாது. வாடிக்கையாளர் கொடுத்த முன்பணத்தை எடுத்து வீட்டு விசேஷத்துக்குச் செலவிடக்கூடாது. கலந்துவிட்டால் எது யாருடைய பணம் என்று தெரியாது. தெரியாத கணக்கை மேற்பார்வை செய்யவும் முடியாது.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் குடிநீர் மற்றும் வடிகால் நிதி என்று தனிக் கணக்கே வைக்கப்படுகிறது. பொது வருவாய் நிதி வேறு, கல்வி நிதி வேறு, இது வேறு. 2000-ஆம் ஆண்டையொட்டி நகராட்சிகள் வெறும் ரொக்கக் கணக்கை விட்டு, வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் சேர்த்துக் காட்டும் கணக்கு முறைக்கு மாறின. அதாவது, நாம் வருமான வரிக்குக் கொடுக்கும் ஐந்தொகையைப் போன்ற ஒன்று உங்கள் ஊர்க் குடிநீருக்கும் சாக்கடைக்கும் இருக்கிறது. அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

பார்க்கும்போது முதலில் தேடவேண்டியது, இந்த நிதியிலிருந்து பொது நிதிக்குக் கைமாற்றாகப் பணம் போயிருக்கிறதா என்பதை. போயிருந்தால் திரும்பி வந்ததா என்று பாருங்கள். மோட்டார் பழுதுக்குப் பணமில்லை என்று கையை விரிக்கும் ஊரில், அந்தப் பணம் வேறு பக்கம் போயிருக்கவும் கூடும்.

இரண்டாம் பாடம்: மாதக் கட்டணத்தின் கணக்கு

வைப்புத்தொகை குழாய் பதிக்க உதவும். பதித்த குழாயை நடத்துவது மாதக் கட்டணம். ஆலந்தூரில் நிர்ணயித்த கட்டணம் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய், வணிக நிறுவனத்துக்கு 450 ரூபாய், தொழிற்சாலைக்கு 750 ரூபாய். நீரேற்று நிலையத்தின் மின்சாரம், ஊழியர் சம்பளம், பழுதுபார்ப்பு, சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துவோருக்குக் கொடுக்கவேண்டிய தொகை, கடன் தவணை ஆகிய அனைத்தும் இதிலிருந்து வரவேண்டும்.

வீட்டைவிடக் கடைக்கு மூன்று மடங்கு! இது நியாயமா என்று நம்மில் பலர் முணுமுணுப்பது உண்டு. ஓட்டலும் திருமண மண்டபமும் விடும் கழிவுநீர் வேறு. பத்தடிக்குப் பத்தடி மளிகைக் கடை விடும் கழிவுநீர் வேறு. இரண்டையும் ஒரே வணிக வகையில் அடைப்பது சிறு கடைக்குப் பாரம்தான். ஆனால் இதைச் சொல்லும் நேரம் முக்கியம். பில் வந்தபின் கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. கட்டண விகிதம் நகர்மன்றத் தீர்மானத்துக்கு வரும் முன்பே, பரப்பளவையோ நீர்ப் பயன்பாட்டையோ வைத்துச் சிறு கடைக்குத் தனி விகிதம் வேண்டும் என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கொடுக்கவேண்டும்.

கணக்குக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 இணைப்புகள். அதில் 9,000 வீடு, 1,000 கடை. ஆலந்தூர் விகிதத்தைப் போட்டுப் பார்த்தால்:

வீடுகள்: 9,000 x 150 = மாதம் 13,50,000 ரூபாய்.
கடைகள்: 1,000 x 450 = மாதம் 4,50,000 ரூபாய்.
மொத்தம்: மாதம் 18,00,000 ரூபாய், ஆண்டுக்கு 2 கோடியே 16 இலட்சம்.

நூற்றுக்குப் பத்து இணைப்புதான் கடைகள். வருமானத்திலோ நான்கில் ஒரு பங்கு கடைகளுடையது. நான்கில் ஒரு பங்கு முதல் போட்ட கூட்டாளி, வருடக் கடைசியில் கணக்கைப் பார்க்காமல் இருப்பாரா?

கேட்பு, வசூல், நிலுவை

நகராட்சிப் பேரேட்டில் நமக்கு மிகவும் பயன்படும் பக்கம் இதுதான். கேட்பு என்பது வரவேண்டிய தொகை. வசூல் என்பது வந்த தொகை. நிலுவை என்பது வராமல் நிற்கும் தொகை. நம் கடைக் கடன் நோட்டும் இதே மூன்றைத்தான் சொல்கிறது.

மேற்சொன்ன ஊரில் பழைய நிலுவை 84 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். நடப்பாண்டுக் கேட்பு 2 கோடியே 16 இலட்சம். ஆக மொத்தக் கேட்பு 3 கோடி. வசூலானது 1 கோடியே 80 இலட்சம்.

நடப்புக் கேட்போடு மட்டும் ஒப்பிட்டால் வசூல் நூற்றுக்கு 83. கேட்க நன்றாக இருக்கும். மொத்தக் கேட்போடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 60தான். ஆண்டு முடிவில் நிலுவை 1 கோடியே 20 இலட்சம். அதாவது ஓராண்டில் 36 இலட்சம் கூடியிருக்கிறது. இரண்டு விகிதமும் ஒரே பேரேட்டிலிருந்து வந்தவை. எந்த விகிதத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். இன்னொன்றும் கேட்கவேண்டும்: அந்த 1 கோடியே 20 இலட்சம் யாரிடம் நிற்கிறது? ஏழை வீடுகளிலா, பெரிய கட்டடங்களிலா, அரசு அலுவலகங்களிலா? நம் சங்க உறுப்பினர்களிடமே நின்றால், முதலில் அதைக் கட்டிவிட்டுத்தான் மன்றத்தின் படியேறவேண்டும்.

மூன்றாம் பாடம்: ஒப்பந்தக்காரரை அளப்பது

ஆலந்தூரில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் முதலில் கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்தி, பின் ஒப்படைக்கும் முறையில் கொடுத்தார்கள். சுத்திகரிக்கும் அளவுக்கு ஏற்ப நகராட்சி பணம் கொடுக்கும். ஆனால் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு உறுதி தரப்பட்டது. கழிவுநீர் அதைவிடக் குறைவாக வந்தாலும் அந்த அளவுக்கு உரிய பணத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இதில் உள்ள நுணுக்கத்தைக் கவனியுங்கள். மாதம் நூறு மூட்டை எடுப்பதாக மில்லுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அறுபது மூட்டைதான் விற்றதென்றால் நாற்பது மூட்டையின் சுமை நம் தலையில். அதுபோல, குழாய் பதித்தும் வீடுகள் இணைப்புப் பெறாமல் இருந்தால் நகராட்சிக்கு இரட்டை அடி. கட்டணமும் வராது, ஒப்பந்தத் தொகையும் குறையாது. ஆகவே இணைப்பு எத்தனை ஆயிற்று, எத்தனை பாக்கி என்பதை மாதந்தோறும் கேட்பது மேற்பார்வையின் உயிர்நாடி.

அளவோடு தரமும் பார்க்கவேண்டும். சுத்திகரித்த நீரின் தரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிகளோடு ஒப்பிட்டுப் பரிசோதனை அறிக்கை வாங்கியபின்தான் பணப் பட்டுவாடா நடக்கவேண்டும். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் பட்டியலுக்குப் பணம் கொடுப்பவர் யாருமில்லை.

தண்ணீரும் சாக்கடையும் ஒரே சங்கிலி

குடிநீரை ஒரு கண்ணாலும் கழிவுநீரை இன்னொரு கண்ணாலும் பார்க்கக்கூடாது. மத்திய அரசின் வழிகாட்டு அளவுப்படி, பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வழங்கவேண்டும்; சாக்கடை இல்லாத ஊர்களுக்கு 70 லிட்டர். வழங்கும் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 675 லிட்டர் வந்தால் 540 லிட்டர் சாக்கடைக்குப் போகும்.

தண்ணீர் குறைந்தால் குழாயில் ஓட்டம் குறையும், கசடு தங்கும், அடைப்பு வரும். ஆகவே தண்ணீருக்கு வழி செய்யாமல் சாக்கடை மட்டும் போடுவது வண்டி வாங்கி மாடு வாங்காத கதை. மறுபக்கம், குடிநீர்க் குழாய் உடைந்து கசியும் இடத்தில் கழிவுநீர் உள்ளே ஏறினால் ஊரே படுக்கையில் விழும். குழாய் முனையில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும் என்பது தர அளவு. இதைப் பார்க்கும் சோதனை எளியது. சில நிமிட வேலை. எந்தத் தெருவில், என்றைக்குப் பார்த்தார்கள் என்ற பதிவேட்டைக் கேட்கலாம்.

மேற்பார்வை யார் கையில்?

1992-ல் நிறைவேறி 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர அமைப்புகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. வீட்டுக்கும் தொழிலுக்கும் வணிகத்துக்கும் தண்ணீர் வழங்குவது அதில் ஒன்று. சுகாதாரமும் துப்புரவும் இன்னொன்று. தமிழ்நாட்டில் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் நெடுங்காலம் வழிகாட்டியது. அதன் இடத்தில் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

நடைமுறையில் பொறுப்பு இப்படிப் பிரிந்திருக்கிறது. கட்டணத்தையும் ஒப்பந்தத்தையும் தீர்மானிப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம். நிறைவேற்றுவது ஆணையாளர். வேலையை அளந்து பதிவது நகராட்சிப் பொறியாளர். கணக்கைச் சரிபார்ப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. பல ஊர்களில் பெரிய குடிநீர்த் திட்டங்களை அமைத்துத் தருவது 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். இத்தனை பேர் இருந்தும் வாசலில் சாக்கடை வழிகிறதென்றால், ஒருவரை ஒருவர் கைகாட்டிவிட்டு நகர்கிறார்கள் என்று பொருள். எந்தக் கேள்விக்கு யார் பொறுப்பு என்று தெரிந்து கேட்டால் கைகாட்ட இடமிருக்காது.

ஆலந்தூரின் பிற்காலக் கதையும் இதையே சொல்கிறது. 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. கழிவுநீர்ப் பணி சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்புக்குச் சென்றது. உள்ளூர் நகர்மன்றத்தில் எதிரே உட்கார்ந்து கேட்ட கேள்வியைப் பெரிய அமைப்பிடம் கேட்கவேண்டியதாயிற்று. கடை கைமாறும்போது பேரேடும் கைமாறவேண்டும். பழைய வைப்புத்தொகை, கடன், ஒப்பந்தம் எல்லாம் புதிய கையில் எப்படிப் பதிந்தன என்று கேட்பதும் மேற்பார்வைதான். தங்கள் நகராட்சி மாநகராட்சியாகும் அல்லது மாநகராட்சியோடு சேரும் ஊர்களின் வணிகர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

நம் பங்கு

கேள்வி கேட்பவர் கை சுத்தமாக இருக்கவேண்டும். சாக்குச் சணலையும் பிளாஸ்டிக் பையையும் சாக்கடையில் தள்ளாதீர்கள். எண்ணெய் டின் கழுவிய பிசுக்கு குழாயில் உறைந்து அடைப்பாகும். ஓட்டல் வைத்திருப்போர் எண்ணெய் தேங்கும் தொட்டி கட்டாயம் வைக்கவேண்டும். மழைநீரைச் சாக்கடை இணைப்பில் விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. அடைப்பு எடுக்க எந்த மனிதரையும் குழிக்குள் இறக்காதீர்கள். விஷவாயு ஒரு நொடியில் உயிரைக் குடிக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்கிச் சாக்கடையோ செப்டிக் டேங்கோ சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்த பாவம் நமக்கு வேண்டாம். இயந்திரம் வரும்வரை கடையை அரைநாள் மூடினாலும் பரவாயில்லை.

பாடத்தைத் திரும்பப் பார்ப்போம்

உங்கள் ஊரில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது சங்கத்தின் சார்பில் இருவர் செல்லுங்கள். கீழ்க்கண்ட வினாக்களை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகப் பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் தரவேண்டும்.

1. குடிநீர் மற்றும் வடிகால் நிதியின் சென்ற ஆண்டு வரவு, செலவு, இருப்பு என்ன? வேறு நிதிக்குக் கைமாற்றுப் போயிருக்கிறதா?
2. மொத்தக் கேட்பு, வசூல், நிலுவை எவ்வளவு? நிலுவையில் வீடு, கடை, அரசு அலுவலகம் என்று பிரித்தால் எவ்வளவு?
3. இணைப்புக்காக வாங்கிய வைப்புத்தொகை எந்தக் கணக்கில் உள்ளது?
4. ஏற்றும் தண்ணீர் எவ்வளவு, கட்டணம் வரும் தண்ணீர் எவ்வளவு? இடையில் உள்ள சேதாரம் எங்கே போகிறது?
5. ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகைக்கு அளவுப் பதிவும் தரப் பரிசோதனை அறிக்கையும் உண்டா?
6. கடைசித் தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபணைகள் என்ன? அவற்றில் எத்தனை தீர்ந்தன?

இந்த ஆறில் ஒன்றுகூடப் பெரிய படிப்புக் கேட்கும் வினா அல்ல. தினமும் இரவு கடையை மூடும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் வினாக்கள்தாம். ஆலந்தூர் மக்கள் குழாய் வருமுன்பே பணம் கட்டத் துணிந்தார்கள். நாம் பணம் கட்டிக்கொண்டேயிருக்கிறோம். கணக்குக் கேட்கவாவது துணியவேண்டாமா?

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஊர்க் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். எல்லா ஊர்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.